பல்சக்கரத்தில் ஓர் ஒல்லிப் பல்

பாதித் தலை மழித்த நிலையில் எவாரிஸ்தோ கபெம்ப்வா ஓடினார்.

கழுத்தில் கட்டியிருந்த துணி முதுகுப் பக்கம் பறந்தது. ஜகரந்தா மரத்தடியில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. முடிவெட்டுகிறவன் சீப்பை உயர்த்திக் கத்தினான்.

"பெரியவரே, நில்லுங்க! கரண்ட் வந்தாச்சு. மெஷின்லயே மிச்சத்தை முடிச்சிடலாம்!"

"என் மெஷின் அங்க காத்துக்கிட்டிருக்குடா!"

அவர் மட்டும் ஓடவில்லை. கிட்வே நகரத்துச் சுரங்கக் குடியிருப்பான எங்கள் வுசகிலேயில் கரண்ட் வந்தால் தெருவே ஓடும். வெல்டிங்காரர் முகமூடி மாட்டுவதற்குள் பொறி பறக்கும். ஐஸ் கட்டி விற்கிறவள் குளிர்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அணையில் தண்ணீர் இல்லை, அதனால் கரண்ட் இல்லை. கரண்ட் கம்பெனிக்காரன் அட்டவணை போடுவான், அட்டவணைப்படி வராது. பின்மதியத்தில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அக்டோபர் வெயில் வேறு. கறுப்பு மலை என்று நாங்கள் சொல்கிற சுரங்கக் கசடு மேட்டிலிருந்து சூடு கிளம்பி, எல்லோர் வீட்டுத் தகரத்திலும் வந்து உட்கார்ந்திருந்தது.

எவாரிஸ்தோ சமையலறைக்குள் பாய்ந்தார்.

"அந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கு!"

"பிடுங்க மாட்டேன்" என்றாள் பிரிஸ்கா. அவர் மனைவி. கையில் சூடேறிக்கொண்டிருந்த பெட்டி. மேசையில் கோயில் மாதர் சங்கத்து வெள்ளைச் சட்டை. "பத்து நாளா இந்தச் சட்டை சுருங்கிக் கிடக்குது. என் மூஞ்சியும் சேர்ந்து சுருங்கிடுச்சு."

"ரெண்டும் சேர்ந்து ஓடினா ஃபியூஸ் போயிடும் கலூபா அம்மா!"

"போகட்டும். நிம்மதியா இருக்கும்."

"சக்கரத்துல பாதிப் பல் வெட்டி நிக்குது. இன்னிக்கு முடிச்சாகணும்."

"நீங்களும்தான் பாதித் தலையோட நிக்கறீங்க. அதை முதல்ல முடிங்க."

அவர் பிடுங்கினார். அவள் மறுபடி மாட்டினாள். அவர் மறுபடி பிடுங்கி, ஒயரைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்குக் கேட்காத சண்டை இல்லை. அன்றைக்குக் கேட்டது நடுத்தரம்.

அடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் அந்த இயந்திரம் இருந்தது. அடுப்புக்கென்று சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் தடித்த ஒயர் இழுத்திருந்தது; வேறு எந்த அறையிலும் அந்தத் தெம்புள்ள பிளக் இல்லை. அதனால் மின்சார அடுப்பு வெளியே கோழிக்கூண்டு ஆகிவிட்டது. பிரிஸ்கா கரி அடுப்பில் சமைத்தாள், தகரப் பீப்பாய் அடுப்பில் பன் சுட்டாள்.

நான்கு தண்டவாளத் துண்டுகள் கால்கள். அவற்றின்மேல் ஒரு பெரிய கருங்கல் பலகை, கண்ணாடிபோலத் தேய்த்தது. கல்லின் இரு ஓரங்களிலும் ரயில் பாதைபோல இரும்புச் சட்டங்கள். அவற்றில் ஓடும் ஓர் இரும்புப் பாலம். பாலத்தில் தொங்கும் வெட்டுக் கத்தி. செத்துப்போன ஜெராக்ஸ் மெஷின்களிலிருந்து கழற்றிய மோட்டார்கள், பற்கள் வைத்த ரப்பர் பட்டைகளால் பாலத்தை இழுக்கும். லேத் பட்டறையில் மனிதன் கைப்பிடி சுற்றுவான். இங்கே சர்க்கரை டின் மேல் உட்கார்ந்திருந்த பழைய லேப்டாப் சொல்லும், மோட்டார் கேட்கும். சி.என்.சி. என்று பெயர். இரண்டு வருடமாக எவாரிஸ்தோ அதை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் சுரங்கத்தில் ஸ்டோர் குமாஸ்தா. வேலைக்காலம் முழுவதும் ஜன்னல் வழியாக மற்றவர்களுக்கு வெட்டுக் கத்தியும் துளையிடும் கம்பியும் எடுத்துக் கொடுத்தவர். அவை என்ன செய்கின்றன என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே பார்க்கத் தொடங்கினார். அன்றைக்குப் பிடித்தது பிரிஸ்காவுக்குத் தலைவலி.

அவளிடம் கைப்பிடி வைத்த ஒரு மாவு பிசையும் மெஷின் இருந்தது. மூடிப்போன சுரங்கக் கேண்டீனிலிருந்து வந்தது. அதன் பல்சக்கரம் தேய்ந்து வழுக்கியது. புதிது கிடைக்காது, செய்த கம்பெனியே இப்போது இல்லை.

"நான் பண்ணித் தர்றேன்" என்றார் எவாரிஸ்தோ.

"எப்படி?"

"பல்சக்கரம் வெட்ட ஒரு மெஷின் பண்ணுவேன்."

"தொழிற்பேட்டைல ஒரு ஆளு அரை நாள்ல வெட்டித் தர்றானாம்."

"அவன்கிட்ட வெட்டினா அப்புறம் என் மெஷின் எதுக்கு?"

இது நடந்து இரண்டு வருடம். கையால் மாவு பிசைந்து பிசைந்து அவள் முழங்கை வீங்கியதுதான் மிச்சம்.

அன்றைக்கும் கத்தி சுழன்றது. அலுமினியச் சுருள்கள் பறந்தன. பழைய பிஸ்டன்களை அவளுடைய கரி அடுப்பில், அவளுடைய சட்டியில் உருக்கி வார்த்த வட்டு அது. சுருள்கள் ஜன்னலில், அவள் தலைத்துணியில், முறத்தில் காயவைத்த கபெண்டா மீனில் போய் விழுந்தன. கபெண்டாவும் வெள்ளிபோல மின்னும் பொடிமீன். எது மீன், எது அலுமினியம் என்று தின்று பார்த்தால்தான் தெரியும். போன மாதம் பங்குச் சாமியார் தின்று பார்த்தார்.

கடைசிப் பல் முடிந்தது. எவாரிஸ்தோ வட்டைக் கழற்றி, துடைத்து, வெர்னியர் அளவுகோலை வைத்தார். ஒரு பல். அடுத்த பல். அதற்கடுத்தது.

பிரிஸ்கா பார்க்காமலே சொன்னாள். "ஒல்லியா இருக்கா?"

அவர் அந்தப் பல்லை மறுபடி அளந்தார்.

"அதே இடமா?"

"அதே மாதிரி. நேத்து நிறுத்தின இடத்துல ஒரு பல்லு மட்டும் ஒல்லி."

"அதையும் ஜன்னல்ல கட்டுங்க. காத்தடிச்சா நல்லா கிணுகிணுங்குது."

ஜன்னலில் ஏற்கெனவே கெட்டுப்போன சக்கரங்கள் கொத்தாகத் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரே நோய். ஒரு சக்கரம் முழுவதும் வெட்ட ஒரு நாள் கரண்ட் போதாது. கரண்ட் போனால் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர வேண்டும். தொடரும் இடத்தில் ஒரு பல் ஒல்லி. அந்த ஒரு பல் வந்து மாட்டும்போதெல்லாம் மாவு மெஷின் விக்கும், உறுமும், நின்றுவிடும்.

"சனிக்கிழமை சான்சா வண்டி கொண்டு வர்றான்" என்றாள் பிரிஸ்கா. "ஞாபகம் இருக்கில்ல?"

சான்சா அவள் தம்பி. சனிக்கிழமை மத்தியானம் அவள் அக்கா தங்கைகள் எல்லோரும் இந்தச் சமையலறையில் வந்து இறங்குவார்கள். மகள் கலூபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு நெருப்புக் காட்டும் விருந்து கொண்டுபோக வேண்டும்: இந்தக் குடும்பம் என்னென்ன சாப்பிடும் என்று சட்டி சட்டியாகத் தலையில் சுமந்துபோய் மாப்பிள்ளைக்குக் காட்டுகிற விருந்து. அதற்கு முன்னால் ஒன்று இந்த இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யவேண்டும், அல்லது சான்சாவின் வண்டியில் ஏறிப் பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டும். சான்சா சாட்சியாக எவாரிஸ்தோவே கொடுத்த வாக்கு.

"ஒரே ஒரு நல்ல சக்கரம்" என்றிருந்தார். "அது வரலேன்னா நானே தூக்கி ஏத்தி விடறேன்."

"கல்லை ஏத்தவேண்டாம். அது கனம்" என்றிருந்தாள் பிரிஸ்கா. "இரும்பை மட்டும் தூக்கிட்டுப் போ தம்பி. கல்லு கிடக்கட்டும்."

இடுப்பொடியுமே என்று அக்கா தன்னை நினைத்துப் பார்த்ததில் சான்சாவுக்குக் கண் கலங்கியது.

செவ்வாய்க்கிழமை புது வட்டு மாட்டி ஆரம்பித்தார். பாதியில் கரண்ட் போனது. எவாரிஸ்தோ கத்தியைக் கையால் மேலே தூக்கினார். பென்சிலைப் பிளேடால் சீவினார். பாலம் நின்ற இடத்தில் இரும்புச் சட்டத்தில் ஒரு கோடு கிழித்தார்.

பன் வாங்க வந்திருந்த சான்சா கேட்டான். "அது எதுக்கு மச்சான்?"

"கரண்ட் இல்லாதப்ப பாலம் தொளதொளன்னு கிடக்கும். விரல்ல தொட்டாலே ஓடும். நாளைக்கு வந்து பாக்கறப்ப கோட்டு மேலேயே இருந்தா, யாரும் தொடலேன்னு அர்த்தம்."

"தொட்டுட்டா? திருப்பிக் கோட்டுமேல தள்ளி வெச்சா ஆச்சு."

"அதான் முடியாது! கோடே எவ்வளவு தடிமன் பாரு. அதுல பாதி தப்பினாக்கூட ஒரு பல்லு ஒல்லியாயிடும். முடியளவு விஷயம்டா இது."

"உங்க தலையில மாதிரி" என்றான் சான்சா.

இந்தப் பேச்சு நடந்தபோது பிரிஸ்கா பின்கட்டில் பீப்பாய் அடுப்புக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தாள். இயந்திரத்தைப் பற்றி அவர் வாய் திறந்தாலே பின்கட்டுக்குப் போய்விடுவது அவளுக்குப் பழக்கம்.

பன் விஷயத்தில் மட்டும் அவளுக்கு நல்ல காலம். மார்ஜரீன் தடவி மடித்து மடித்துத் தேய்த்துச் சுடும் மடிப்பு பன். மற்ற வருடங்களில் அக்டோபர் வந்தால் வெயிலில் மார்ஜரீன் உருகி மடிப்பெல்லாம் ஒட்டி, பன் பலகை மாதிரி வரும். இந்த வருடம் இதழ் இதழாகப் பிரிந்தது. பஸ் நிலையத்தில் கூடை இறங்குவதற்குள் காலியானது. அடிப்பக்கத்தில் குட்டிக் குட்டி மொட்டுகள் இருக்கும், மூன்று அல்லது நான்கு. புள்ளி பன் என்று பேரே வந்துவிட்டது. பார்த்தீர்களா, நகல் பண்ண முடியாதபடி முத்திரை போடுகிறாள் என்று பஸ் கண்டக்டர்கள் பேசிக்கொண்டார்கள். எவாரிஸ்தோவுக்குச் சர்க்கரை வியாதி. அவர் பன்னைத் தொடுவதில்லை. மாவையும் இனிப்பையும் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி டாக்டர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார்.

புதன்கிழமை காலையில் வழக்கம்போலப் பழைய இரும்புச் சந்தைக்குப் போய்விட்டு மதியம் திரும்பினார். பாலம் கோட்டுமேல் இருந்தது. கரண்ட் வந்தது. வெட்டினார். அளந்தார்.

ஒல்லி.

வெர்னியரைக் கீழே வைத்தார். பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். ஒவ்வொரு திருகாக, ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். ரப்பர் பட்டையின் பல்லிடுக்கில் விரலை விட்டார். எடுத்தார்.

விரலில் வெள்ளைத் தூள்.

"அடப்பாவி" என்றார் மெதுவாக.

சரியாக அந்த நேரத்தில் பின்வாசலில் குரல் கேட்டது.

"குரங்குத் தின்னி! வீட்டுல இருக்கியா, மரத்துல இருக்கியா?"

ஜக்காயோ ஜெரே. வேலிக்கு அந்தப்பக்கத்து வீடு. கல்லறைக் கல் அறுக்கிற தொழில். தலையிலிருந்து செருப்புவரை எப்போதும் வெள்ளைக் கல்தூசி. அந்தக் கருங்கல் பலகையும் அவர் கொடுத்ததுதான்; ஓரத்தில் விரிசல் என்று யாரோ வேண்டாமென்ற கல்லறைக் கல். எவாரிஸ்தோ கேட்டபடி வட்டுகளை இறுக்கிப் பிடிக்க வரிசை வரிசையாகத் துளை போட்டுக் கொடுத்தார். "உன் பேர் வெட்ட நடுவுல இடம் விட்டிருக்கேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஜெரே ங்கோனிக்காரர், எவாரிஸ்தோ பெம்பா. இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. தாத்தாக்கள் ஈட்டியால் போட்ட சண்டையைப் பேரன்கள் வாயால் போட்டு முடிக்கிறார்கள். ங்கோனி பெம்பாவைக் குரங்குத் தின்னி என்பான், பெம்பா ங்கோனியை எலித் தின்னி என்பான். சட்டியைத் திறந்து தின்னலாம், சாவு வீட்டில் பிணத்தையே கிண்டல் செய்யலாம். முறைக்காரன் சொல்வதை யாரும் மெய்யென்று எடுத்துக்கொள்வதில்லை. கோபம் மட்டும் படக்கூடாது. கோபப்பட்டவன் கோழி தண்டம் கட்டவேண்டும்.

ஜெரே உள்ளே வந்து சட்டியைத் திறந்து, பூசணித்தழைக் கூட்டை விரலால் வழித்து நக்கினார்.

"உப்பு இல்ல. என்னடா தரையில முட்டி போட்டிருக்கே? ஞானஸ்நானமா?"

"எலித் தின்னி. இந்த மெஷினை யாரு தொடறது?"

"நான்தான்."

"விளையாடாதே."

"சத்தியமா. ஞாயித்துக்கிழமை நான் அதுமேல எலி காயப் போட்டேன். திங்கக்கிழமை உன் பெண்டாட்டி மாவு தேச்சா. செவ்வாக்கிழமை பங்குச் சாமியார் ஏறிப் படுத்துக் குறட்டை விட்டாரு. புதன்கிழமைக்கு ஆள் கிடைக்கல. நீ வர்றியா?"

வாசலுக்கு எதிரே ஐஸ்காரியிடம் வாங்க நின்றிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பிரிஸ்கா மட்டும் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நன்றாக எரிகிற அடுப்பு.

எவாரிஸ்தோ எழுந்தார். விரலை ஜெரேயின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது என்ன?"

"விரல். குரங்குக்கு அஞ்சு இருக்கும்."

"வெள்ளைத் தூளு. என் பட்டைக்குள்ள! இந்தத் தெருவுல வெள்ளைத் தூளோட அலையறவன் யாரு? ரெண்டு வருஷம்டா. கண்ணு போச்சு, முதுகு போச்சு, பெஞ்சன்ல பாதி போச்சு. நான் சந்தைக்குப் போற நேரம் பாத்து உள்ள வந்து தள்ளி விளையாடறியா? கேலி வேற, கெடுக்கறது வேற!"

ஜெரே சிரிப்பை இன்னும் முகத்திலிருந்து எடுக்கவில்லை. "கபெம்ப்வா, இந்தத் தூளை நக்கிப் பாரு. கல்லா என்னன்னு—"

"வெளியே போ! இனி என் வாசப்படியை மிதிக்காதே."

ஐஸ் வாங்க வந்தவர்கள் காலி வாளியோடு நழுவினார்கள்.

"நிஜமாவா சொல்றே?" என்றார் ஜெரே.

"நிஜமாத்தான்."

ஜெரே விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஒரு தடவை பிரிஸ்காவைப் பார்த்தார். அவள் அடுப்பையே பார்த்தாள்.

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஜெரே வெளியேறினார்.

ஐயா. கேலிமுறைக்காரன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம். எங்கள் வரிசையில் அன்று மாலை யாரும் உரக்கப் பேசவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் கல் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு தூளுக்காக ஒரு மனுஷனை இப்படியா விரட்டுவீங்க?" என்றாள் பிரிஸ்கா. குரலில் வழக்கமான காரம் இல்லை.

"உனக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியாது."

காரம் திரும்பி வந்துவிட்டது. "எனக்கு எதுதான் புரியும்? கண்ணுக்குத் தெரியாத அளவை அளக்கறீங்க, கண்ணுக்கு முன்னால இருக்கறவ முழங்கை வீங்கிக் கிடக்கறது தெரியல. போங்க, போய் உங்க மெஷினோட கொஞ்சுங்க!"

வியாழக்கிழமை கடைசி வட்டு. உருக்க இனிப் பிஸ்டன் இல்லை, நாளும் இல்லை. எவாரிஸ்தோ பட்டையைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். கரண்ட் வந்தது, வெட்டினார். கரண்ட் போனது, கத்தியைத் தூக்கி, கோடு கிழித்தார். பிறகு பாயைக் கொண்டுவந்து இயந்திரத்தின் காலடியில் விரித்தார்.

"என்ன இது?"

"காவல்."

"நாளைக்கு மதியம் வரைக்குமா?"

"கரண்ட் வர்ற வரைக்கும். எவன் வர்றான்னு பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை விடியலில் பிரிஸ்கா சமையலறை வாசலில் நின்றாள். ஒரு கையில் மாவுக் கிண்ணம், மறுகையில் தேய்க்கும் கட்டை. நாளைய விருந்துக்குக் கூடை நிறையப் பன் போகவேண்டும். எவாரிஸ்தோ கல்லுக்கு முதுகு கொடுத்துச் சப்பணமிட்டிருந்தார்.

"கலூபா அப்பா. எண்ணெய் தீந்துடுச்சு. கடைக்குப் போய்ட்டு வாங்க."

"பாட்டில் நிறைய இருக்கு. பாத்தேன்."

"முடி பாதியா இருக்கு. சனங்க வர்ற நாளு. முடிவெட்டப் போங்க."

"தொப்பி போட்டுக்கறேன்."

"கலூபாவைப் பாத்துட்டு வாங்களேன். அத்தை வீட்டுல கல்யாணப் பாடம் கேட்டுக்கிட்டிருக்கா. அப்பா வந்தா சந்தோஷப்படுவா."

"அங்க ஆம்பளைங்க போகக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். மாவுக்குள் மார்ஜரீன் புழுக்கத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"குளிச்சிட்டாவது வாங்க! நாறுது!"

"நாளைக்குக் குளிக்கறேன்."

"மனுஷனா நீங்க? ஒரு வீட்டுல ஒரு பொம்பளை ஒரு பத்து நிமிஷம் தன் சமையலறையில தனியா நிக்கக்கூடாதா?"

"நில்லு. யாரு வேண்டாம்னா? நான் ஓரமாத்தானே இருக்கேன்."

கட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவாளோ என்று எதிர்வீட்டிலிருந்து பார்த்தவர்கள் பயந்தார்கள். போடவில்லை. மரப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போனாள். அங்கே கட்டை உருண்ட சத்தம், யாரையோ அடிக்கிற சத்தம் மாதிரி இருந்தது.

யாரும் வரவில்லை. பாலம் அசையவில்லை. மதியம் கரண்ட் வந்தது. மிச்சப் பற்கள் வெட்டி முடிந்தன. எவாரிஸ்தோ ஒரு பல் அளந்தார். அடுத்த பல். எல்லாவற்றையும் அளந்தார். மறுபடி முதலிலிருந்து அளந்தார்.

எல்லாம் ஒரே பருமன். ஒன்றுகூட ஒல்லி இல்லை.

அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பாதித் தலையைக் கையால் தடவிக்கொண்டு, சிறுபிள்ளைபோலச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை சான்சாவின் வண்டி வாசலில் நின்றது. கூடவே ஜெரேயும் இறங்கினார். கல்லை அசைக்கத் தெரிந்தவர் வேறு யார் என்று சான்சா விஷயம் தெரியாமல் கூட்டிவந்துவிட்டான். ஜெரே குளித்து, சுத்தமான சட்டை போட்டு, வாசப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"காலை வணக்கம் ஐயா" என்றார். அந்த ஐயாவைக் கேட்டதும் எவாரிஸ்தோ பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் கையில் சக்கரம் இருந்தது.

"உள்ள வந்தே பாருங்க, எல்லாரும்!"

மாவு மெஷினில் சக்கரத்தை மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடியது. விக்கல் இல்லை, உறுமல் இல்லை. பிரிஸ்கா முன்னால் வந்தாள். கைப்பிடியைத் தானே வாங்கிச் சுற்றினாள். திருப்பிச் சுற்றினாள். முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"ஓடுது" என்றாள்.

"அப்ப வண்டி வெறுமனே திரும்புது" என்றான் சான்சா. "மெஷின் இங்கயே இருக்கும். பேச்சு பேச்சுதான்."

எவாரிஸ்தோ ஜெரேயின் பக்கம் திரும்பினார். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் காவல் இருந்தேன். ஒருத்தனும் உள்ள வரல. சக்கரம் வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஜெரே தன் செருப்பைப் பார்த்தார்.

சங்கடத்தைப் போக்கச் சான்சா கூடையிலிருந்து ஒரு பன்னை எடுத்தான். கடித்தான். மறுபடி கடித்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"என்னக்கா இது? பலகை மாதிரி இருக்கு." பன்னைக் கவிழ்த்துப் பார்த்தான். "புள்ளி எங்கே?"

"பேசாமத் தின்னு" என்றாள் பிரிஸ்கா.

"இல்லக்கா, விருந்துக்குப் புள்ளி பன்தான் போகணும்னு என் பெண்டாட்டி சொல்லி அனுப்பினா. இது அடியில வழவழன்னு இருக்கே."

"என்ன புள்ளி?" என்றார் எவாரிஸ்தோ.

சான்சா அவரை விசித்திரமாகப் பார்த்தான். "கிட்வே பூரா தெரியும். உங்களுக்குத் தெரியாதா மச்சான்?" வண்டிக்குப் போய், கண்ணாடிக்கு முன்னால் கிடந்த பொட்டலத்தைக் கொண்டுவந்தான். செவ்வாய்க்கிழமை வாங்கியதில் மிச்சம் ஒன்று. அதைக் கவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

நான்கு மொட்டுகள். சதுரமாக.

எவாரிஸ்தோ அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு வெர்னியரை எடுத்து, சட்டையில் துடைத்து, ஒரு மொட்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு வைத்தார்.

"நாப்பத்தெட்டரை மில்லிமீட்டர்." திருப்பி வைத்தார். "இந்தப் பக்கமும் நாப்பத்தெட்டரை."

"அடுப்புல சுருங்கியிருக்கும்" என்றார் ஜெரே, வாசப்படிக்கு வெளியிலிருந்து.

எவாரிஸ்தோவின் கண்கள் கருங்கல் பலகைக்குப் போயின. அதில் வரிசை வரிசையாகத் துளைகள்.

"அம்பது மில்லிக்கு ஒரு ஓட்டை" என்றார்.

"நீ கேட்ட அளவு. நான்தான் போட்டேன்."

"நீ சொன்னே. புதன்கிழமை நீ என்கிட்ட சொன்னே."

"சொன்னேன்."

"அதை ஏன்டா எலிக்கும் சாமியாருக்கும் நடுவுல சொன்னே?"

"பின்ன எங்கேடா சொல்றது, குரங்குத் தின்னி!" ஜெரே வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். "தனியாக் கூப்பிட்டுச் சொன்னா உன் பெண்டாட்டி மேல கோள் சொன்னவன் ஆயிடுவேன். வேலிக்கு மேல தினமும் பாக்கறேன், வாயை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் சும்மா இருக்கறது? எனக்குச் சேவல் வேணும். அந்தச் சிவப்பு. கூரைமேல ஏறிக் கத்துமே, அது."

சான்சா சிரிப்பை அடக்க வாயில் பன்னைத் திணித்துக்கொண்டு பல்வலியில் முனகினான். எவாரிஸ்தோ சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பன்னைக் கையில் வைத்தபடி மெல்லத் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள்.

பிரிஸ்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எதுக்கு எல்லாரும் என்னையே பாக்கறீங்க? இந்த வெயில்ல மரப்பலகைல தேச்சா மார்ஜரீன் எண்ணெயா ஓடுது. கல்லு ஜில்லுன்னு கிடந்துச்சு, தேச்சேன். நான் ஒண்ணும் பொறுப்பில்லாதவ இல்ல. பாலத்தை ஓரமாத் தள்ளி, வேலை முடிஞ்சதும் கல்லைத் துடைச்சு, ஒவ்வொரு தடவையும் அந்தப் பென்சில் கோட்டுமேலயேதான் திருப்பி வெச்சேன்!"